கதை நேரமா, குரூப் 4 வகுப்பா: ஒரு கிளை நூலகத்துக்கு எது பொருந்தும்?

வரும் ஜூனிலிருந்து நூலகத்தில் ஒரு நிகழ்ச்சியை விடாமல் நடத்துவது என்று எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவாகிவிட்டது. எந்த நிகழ்ச்சி என்பதில்தான் இழுபறி. எங்களுடையது சேலம் அம்மாபேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு கிளை நூலகம். ஒரே நூலகர், ஒரு கூடம், பின்னால் சிறுவர் பிரிவு என்று பலகை மாட்டிய சிறிய அறை. மேசைக்கு வந்த யோசனைகள் ஐந்து: பிள்ளைகளுக்குக் கதை நேரம், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பயிற்சி, மாதாந்திர இலக்கியக் கூட்டம், போனில் விண்ணப்பம் போட உதவும் மேசை, ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோவது. ஐந்துக்கும் ஆள் இல்லை. ஒன்றைப் பிடித்தால் அதையாவது உருப்படியாகச் செய்யலாம். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற வாசகர் வட்டங்களுக்கும் உதவலாம் என்றுதான் எங்கள் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

யோசனைகளை எடைபோடும் முன்னால் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். அதைப் பார்க்காமல் நிகழ்ச்சி போடுவது பாவு நூல் ஓட்டாமல் தறியில் போய் உட்காருவது மாதிரி. வாசலில் நூல் கட்டிய பேனாவோடு கிடக்கும் அந்த நீள நோட்டில் யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பது நன்றாகத் தெரியும். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள், தினமும் அதே கையெழுத்துகள். சாயங்காலம் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கொஞ்சம் பிள்ளைகள், பரீட்சைச் சமயத்தில் அவர்களும் இல்லை. தறி ஓட்டுபவர்கள் அபூர்வம். பெண்கள் பெயரைத் தேட வேண்டியிருந்தது.

ஏன் என்று வட்டத்தில் இருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டோம். “புக்கு வேண்டாம்னு யாருங்க சொன்னா? உள்ள நுழைஞ்சா எல்லாரும் பேப்பரை இறக்கிட்டுப் பாக்கறாங்க. அப்புறம் எப்படி வர்றது?” என்றார். கழிப்பறை, இருட்டும் நேரம், சமையல் வேளை என்று மற்ற காரணங்களும் வந்தன. ஆனால் பேப்பர் இறங்கும் விஷயம் எங்களில் எந்த ஆணுக்கும் தோன்றியிருக்கவில்லை.

இன்னொன்று, கிழமை. நம் பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, அதோடு இரண்டாம் சனிக்கிழமை. அதனால் ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்கும். பள்ளியும் அலுவலகமும் மூடியிருக்கும் நாளில் திறந்திருக்கும் அரசுக் கட்டடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும். ஞாயிறு காலைதான் எங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. அதை எதற்குக் கொடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி சேர்கிறது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். ஆனால் அந்த வரியிலிருந்து எங்கள் சுண்டலுக்குப் பங்கு கேட்க முடியாது. 1000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்கிறவர்களின் பணமும் நூலகக் கணக்குக்குத்தான் போகும். ஆக, நிகழ்ச்சிச் செலவு வட்டத்தின் பையிலிருந்துதான். இலவசமாக நடத்த முடியாத எதையும் தொடங்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டோம். யுனெஸ்கோ 1994-ல் வெளியிட்டு 2022-ல் புதுப்பித்த பொது நூலக அறிக்கையும் பொது நூலகம் கொள்கையளவில் கட்டணமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பத்து ரூபாய் என்றாலும், அதைக் கேட்கும்போது சில பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

சரி, யோசனைகளுக்கு வருவோம்.

அதிகம் பேர் கேட்டது குரூப் 4 வகுப்பு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் எழுதலாம், ஒரே தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதிக் கேள்வி தமிழ். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியின் விடைகளையே பார்க்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான பள்ளிப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தால் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். இவ்வளவு எளிதாகத் தொடங்கக்கூடிய படிப்புக்கு நூலகம் உதவாமல் வேறு யார் உதவுவது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனாலும் வகுப்பு நடத்துவதை நான் எதிர்த்தேன். தமிழுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், அரசியலமைப்புக்கும் வரலாற்றுக்கும் ஒருவர் என்று வாரம் தவறாமல் வர வேண்டும். எங்களில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு, வருவார்கள். எத்தனை வாரம்? தேர்வு அறிவிப்பு வந்தால் கூட்டம் பொங்கும், தேர்வு முடிந்ததும் கூடம் காலியாகிவிடும். அதோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. அவர்களைவிட நன்றாக எங்களால் செய்ய முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே கூடத்தில் ஒருவர் மைக் பிடித்துப் பாடம் எடுத்தால், அமைதியாகப் படிக்க வந்தவர் எங்கே போவார்? அவரும் அதே தேர்வுக்குப் படிப்பவர்தான். வீட்டில் தறிச் சத்தம், ஒரே அறையில் டிவி; அதற்குத் தப்பித்து இங்கே வருகிறார். சாயங்காலம் வரும் பையன்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது வகுப்பு வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். இரண்டாவது முறை கேட்டபோது, மின்விசிறிக்குக் கீழே இடம், சமச்சீர்ப் புத்தகங்கள் முழு செட், கொஞ்சம் கூடுதல் நேரம், தேர்வு மாதிரியே உட்கார்ந்து எழுதிப் பார்க்க ஒரு வாய்ப்பு என்று வந்தது. நூலகம் கொடுக்கக்கூடியது இந்த இரண்டாவது பட்டியல்.

ஆகவே வகுப்புக்குப் பதிலாக மாதம் ஒரு மாதிரித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி தளத்தில் இருக்கும் பழைய வினாத்தாளை நகல் எடுத்து, காலை 9.30-க்கு ஆரம்பித்து 12.30-க்கு முடிப்பது, கறுப்புப் பேனா மட்டும். விடை தெரியாத கேள்விக்கும் விடைத்தாளில் ஒரு வட்டத்தைக் கருக்கியாக வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சி இல்லாமல் தேர்வறையில் போய்ப் பழக முடியாது. படித்ததெல்லாம் தெரிந்தும் நேரம் போதாமல் கடைசி முப்பது கேள்வியைக் குருட்டாம்போக்கில் கருக்குகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு உபதேசத்தைவிட ஒரு சுவர்க் கடிகாரம் உதவும்.

இலக்கியக் கூட்டத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சேலத்துக்குக் கூட்டமும் படிப்பகமும் புதிதல்ல. 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியதே இந்த ஊர் மாநாட்டில்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட படிப்பகங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் இன்றைக்கு மாதக் கூட்டம் என்றால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை. நூலைப் பற்றிப் பேச மிச்சம் இருப்பது கால் மணி நேரம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அடுத்துப் பேச வேண்டியவர்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பொன்மாலைப் பொழுது என்ற பேச்சு நிகழ்ச்சி நன்றாக நடக்கிறதே என்றால், அங்கே அரங்கம் இருக்கிறது, அரசு அழைத்தால் வரும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெருநகரமே கேட்க இருக்கிறது. கிளை நூலகம் அதை நகலெடுத்தால் நாற்காலி வாடகைதான் மிஞ்சும். ஆண்டுக்கு இரண்டு கூட்டம் போதும்: இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த ஆகஸ்ட் 12-ல் ஒன்று, நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரத்தில் ஒன்று. பொன்னாடைக்குப் பதில் புத்தகம். இதில் எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவருக்கு வருத்தம்தான்.

இனி கதை நேரம். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதன் குறைகளையும் நானே சொல்லிவிடுவது நல்லது.

முதல் குறை, கதை சொல்லத் தெரிந்தவர்கள் என்று நம்மை நாமே நினைத்துக்கொள்வது. பெரியவர்கள் கதை சொல்ல உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் அறிவுரை வந்துவிடும். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம் கண்ணு?” என்று கேட்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை. அந்தக் கேள்வி வந்த நொடியில் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடமாகிவிடும். அடுத்த ஞாயிறு கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். அதனால் மனப்பாடமாகக் கதை சொல்வதைவிடப் புத்தகத்தை வைத்து வாசித்துக் காட்டுவது மேல் என்பது என் எண்ணம். படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்து வாசிக்க வேண்டும். பக்கத்தைப் புரட்டும் முன் ஒரு மூச்சு நிறுத்தினால், அடுத்து என்ன என்று அவர்களே சொல்வார்கள். தவறாகச் சொன்னாலும் திருத்தத் தேவையில்லை, அடுத்த பக்கம் திருத்திவிடும். வாசித்துக் காட்டினால் இன்னொரு லாபம்: கதை எங்கே இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. கதை முடிந்ததும் அந்தப் புத்தகத்துக்கே அடிதடி நடக்கும்.

இரண்டாவது, வயது. நான்கு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே பாயில் உட்கார்ந்தால் இரண்டுக்கும் சலிப்பு. பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக அரசு போட்ட சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிப்பையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். சின்னவர்களுக்கு இருபது நிமிட வாசிப்பு, பெரியவர்களுக்கு முதலில் விளையாட்டு, அப்புறம் மாற்றிக்கொள்வது. புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட்டின் படக்கதைகள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ள உரிமமே கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சிறுவர் பிரிவு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கும் புத்தகங்களே முதல் ஆறு மாதத்துக்குக் காணும். “பிள்ளைங்க கிழிச்சிருவாங்க” என்று பூட்டியிருக்கிறார்கள். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்படுவதற்கு என்பதுதான். கிழிந்த புத்தகத்தை ஒட்டிக்கொள்ளலாம் என்று நூலகரிடம் சொல்லிச் சாவியை வாங்க வேண்டும். இதுவும் நிகழ்ச்சித் திட்டத்தில் ஒரு வேலை.

மூன்றாவது விஷயம் எங்கள் பகுதிக்கே உரியது. இங்கே நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். கதையைத் தமிழில் கேட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் வீட்டு மொழியில் கிசுகிசுத்துச் சிரிக்கும் குழந்தையைப் பார்த்தால், அதை அதட்டாமல், “உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்வீங்க?” என்று சத்தமாகக் கேட்டுவிடலாம். ஒரே கதையில் அணில் நான்கு பெயரோடு ஓடும். இதற்குத் தனியாகப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது பெண், அறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவரே கூட்டிப்போக வேண்டும். தெரிந்தவர்தானே என்று யாருக்கும் சலுகை கிடையாது.

இவ்வளவு இருந்தும் கதை நேரத்தை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் பிள்ளைகள் மட்டுமல்ல. பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாவோ பாட்டியோ அந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்? வெளியே திண்ணையில் அல்ல, உள்ளே. சிறுவர் பிரிவுப் பெஞ்சில். பிள்ளைக்காக வந்தேன் என்ற காரணம் கையில் இருந்தால் பேப்பர் இறங்கினாலும் பரவாயில்லை. வருகைப் பதிவேட்டில் காணாமல் இருந்த பெயர்கள் இந்த வழியில்தான் உள்ளே வரும் என்பது என் கணிப்பு. குரூப் 4 வகுப்பு ஏற்கெனவே வருகிறவர்களைத்தான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கும். கூட்டம் ஏற்கெனவே படிக்கிறவர்களைப் பேச வைக்கும். கதை நேரம் ஒன்றுதான் புது ஆட்களை உள்ளே கொண்டுவருகிறது.

போன் உதவி மேசை அங்கேதான் இணைகிறது. தனி நிகழ்ச்சியாகப் போட்டால் ஜெராக்ஸ் கடை வேலையை இலவசமாகச் செய்வதில் போய் முடியும் என்று எனக்குப் பயம். ஆனால் அம்மாக்கள் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு மேசை போட்டு உட்காரலாம். டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ் எடுப்பது, வருமானச் சான்றுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று பார்ப்பது, மின் கட்டணம் கட்டுவது. ஒரே விதி: போன் அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். நாம் விரலால் காட்டலாம், தொடக் கூடாது. ஓடிபியை நம்மிடம் வாசித்துக் காட்டக் கூடாது, வங்கிச் செயலிகளின் பக்கமே போகக் கூடாது. நேரம் பிடிக்கும், ஆனால் அடுத்த தடவை அவரே செய்துகொள்வார்.

மலைக்குப் போவது எல்லோருக்கும் பிடித்த யோசனை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் புத்தகம் கொடுத்துவிட்டு வருவதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கத்தான் செய்கிறது, போட்டோவும் நன்றாக வரும். 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூலகம் கிளம்பிய கதையை எங்கள் கூட்டத்தில் ஒருவர் எடுத்துவிட, மறுத்துப் பேசுவது கடினமாகிவிட்டது. மறுத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த வண்டி ஒரு முறை போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியதல்ல. கொடுத்த புத்தகத்தை வாங்கவும் அடுத்ததைக் கொடுக்கவும் மறுபடி போக வேண்டிய வண்டி. சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் வாரா வாரம் போக எங்களிடம் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை.

மலையின் நாள்காட்டியும் வேறு. நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட் லைன் வீடுகளில் பகலில் ஆளே இருக்காது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா ஒரு பக்கம், கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மறு பக்கம். பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. கீழே இருந்து போகிறவர்கள் தங்களுக்கு லீவு கிடைக்கும் மே மாதத்தில்தான் போகிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் ஓய்வில்லாத மாதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கேரளத்து மலையாளிகள் அல்ல, அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு ஆளுக்கொரு மலைக்கு ஏறிய கதையை அவர்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்த ஊரில் கதை நேரம் நடத்த நாம் போய் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. சொல்கிறவர் அங்கேயே இருக்கிறார். அங்கே குறைவது பிள்ளைகள் கைக்கு எட்டுகிற புத்தகம். அதனால் மலைக்கு என் யோசனை ஒரு பெட்டி. நாற்பது ஐம்பது புத்தகம், ஒரு நோட்டு, அங்கேயே இருக்கும் ஓர் ஆசிரியரோ ஊர்ப்புற நூலகரோ பொறுப்பு. பறிப்பு தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை போய்ப் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வருவது. அதற்கும் எங்களுக்கு முன்னால் ஏற்காட்டிலேயே ஒரு வாசகர் வட்டம் வந்து கேட்டால் பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வது நல்லது.

எங்கள் வட்டத்தில் இன்னும் ஒரு சண்டை பாக்கி இருந்தது: நிகழ்ச்சி வெற்றியா என்று எதை வைத்துச் சொல்வது? தலை எண்ணிக்கை என்றார்கள் சிலர். தலையை எண்ணினால் இலக்கியக் கூட்டம் ஜெயிக்கும், பிரியாணி போட்டால் இன்னும் ஜெயிக்கும். நான் இரவல் பதிவேட்டை எண்ணலாம் என்கிறேன். ஞாயிறு கதை கேட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் புத்தகத்தோடு போனார்கள், எத்தனை புத்தகம் திரும்பி வந்தது, எத்தனை புது உறுப்பினர், அதில் பெண்கள் எத்தனை. திரும்பி வராத புத்தகங்களையும் எழுதி வைக்க வேண்டும், திட்டுவதற்காக அல்ல. அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம்.

ஆக, நான் கூட்டத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு இது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் காலை பத்தரை முதல் பதினொன்றரை வரை சிறுவர் பிரிவில் கதை நேரம், அதே நேரம் கூடத்தின் ஓரத்தில் போன் மேசை. இரண்டாவது ஞாயிறு முழுக்கக் குரூப் 4 மாதிரித் தேர்வுக்கு. அன்று பிள்ளைகளுக்கு லீவு, ஏனென்றால் ஒரே கட்டடத்தில் அணிலும் அரசியலமைப்பும் ஒத்துப்போகாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வாரங்களில் எதுவும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் தறி இராத்திரியும் ஓடும், பெரியவர்கள் வர மாட்டார்கள், ஆனால் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். அந்த மாதம் தொண்டர்கள் கூடுதலாக இருக்க வேண்டும். கதை முடிந்ததும் ஆளுக்கு ஒரு தட்டு வடை செட் என்று ஒருவர் ஆசைப்பட்டார். காரச் சட்னிக் கையோடு படக்கதையைத் தொட்டால் என்ன ஆகும் என்று நூலகர் கேட்டதும் அது வேர்க்கடலை உருண்டையாகக் குறைந்தது, அதுவும் புத்தகம் எடுத்த பிறகு, வாசலில்.

மாவட்ட நூலக அலுவலருக்கு அனுமதி கேட்டு எழுதும் கடிதம் தயார். அதில் நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், பொறுப்பாளர் இரண்டு பேர் பெயர், செலவு வட்டத்தினுடையது என்ற ஒரு வரி. பொறுப்பாளரில் ஒருவர் பேப்பர் பற்றிச் சொன்ன அந்த அக்கா. இன்னொரு பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது, இந்த வாரக் கூட்டத்தில் அதை நிரப்ப வேண்டும். கூடவே நாளிதழ் மேசையை நுழைவாசலுக்கு நேரெதிரே இல்லாமல் பக்கச் சுவரோரம் நகர்த்திப் போடலாமா என்றும் நூலகரிடம் கேட்டிருக்கிறோம். பெரியவர்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.